மைக்கைப் பிடி, வாயைத் திறக்காத!

வா அப்பு, உக்காரு. அந்தக் கூலிங்கிளாஸை மட்டும் கழட்டிரு. கரண்டு போய் அரை மணி நேரமாச்சு, எங்கிட்டாச்சும் முட்டிக்கிருவ. ஒங்கம்மா போன்ல சொன்னப்ப நான் நம்பல. ஒத்தக் காதுல கடுக்கனையும் கழுத்துல இந்தச் சங்கிலியையும் பாத்தப்பறம் நம்பாம இருக்க முடியல. ஹீரோவாகப் போறியாம்ல? அதுவும் காதல் படமாம்ல?

நீ பாட்டுக் கட்டுறது எனக்குத் தெரியாத சமாச்சாரமா? போன ஆவணியில மேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். ரேடியோசெட்டுக்காரன் ஒன் பாட்டைத்தேன் திருப்பித் திருப்பிப் போட்டான். ஒறவுக்காரவுக பூராம் தலையாட்டுனாக. ஒரு வார்த்தை புரியலங்கிறது வேற விசயம். புரியாததை நல்லால்லன்னு சொன்னா பட்டிக்காடுன்னு நினைச்சுருவாகளோன்னு கெழவிகளே "அருமையா இருக்கு"ன்னு சொல்லிட்டாளுக. அதைக் கேட்டுத்தேன் ஒனக்கு இந்த ஆசை வந்திருக்கணும்.

சரி, வந்தது வந்திருச்சு. நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். வேண்டாம்னு சொன்னா நீ வெரசாப் போய்க் கையெழுத்துப் போட்டுருவ. ஒங்கப்பன் கல்யாணத்துலயே அந்தக் கூத்தை நான் பாத்துட்டேன்.

ஜி.வி. பிரகாஷ், விஜய் ஆண்டனி, ஹிப்ஹாப் ஆதின்னு விரலை மடக்குற. பாட்டுக்காரன் ஹீரோவாகுறது ஏதோ ஒங்க காலத்துல மொளைச்சதுன்னு நினைப்பு ஒனக்கு. அட கூறுகெட்டவனே, தமிழ்ப் படம் வாயைத் திறந்த காலத்துல பாடத் தெரியாதவனுக்கு ராசா வேசமே கெடையாது. 1931-ல காளிதாஸ் வந்துச்சு. ஒருத்தர் வாயசைக்க இன்னொருத்தர் பாடுற வித்தை 1938-ல நந்தகுமார் படத்துலதேன் வந்துச்சு. அதுக்கு முன்ன யார் வாயசைக்கிறாகளோ அவுகளேதேன் பாடணும், அதுவும் படம் பிடிக்கிற எடத்துலயே பாடணும். செடிக்குப் பின்னால ஆர்மோனியக்காரர், மரத்துக்குப் பின்னால மிருதங்கக்காரர் ஒளிஞ்சு உக்காந்து வாசிப்பாகளாம். முன்னால ராசாவும் ராணியும் காதல் பண்ணுவாகளாம். இம்புட்டுப் பேர் ஒளிஞ்சிருந்து பாத்தா எப்படிக் காதல் பண்ணுறது? அதனாலதேன் கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா பாடிக்கிட்டே இருந்தாக போல.

எங்கய்யா பாகவதர் கிறுக்கு. எம்.கே. தியாகராஜ பாகவதர்னா கேட்டிருக்கியா? கேட்டிருக்கமாட்ட. ஒங்க ஜி.வி. பிரகாஷுக்கும் ஆதிக்கும் எல்லாம் அவருதேன் பாட்டன். 1934-ல பவளக்கொடியில அர்ச்சுனனா வந்தாரு. 1937-ல சிந்தாமணி. அந்தப் படம் சம்பாதிச்சுக் குடுத்த காசுலதேன் மதுரையில சிந்தாமணின்னே பேரு வெச்சு ஒரு தியேட்டரு எழும்புச்சுன்னா பாத்துக்க. சில்க் ஜிப்பா, வைரக் கடுக்கன், நெத்தியில ஜவ்வாதுப் பொட்டு. பிடரியைத் தொடுற மாதிரி முடியை விட்டு வாரிக்கிறதுக்கு "பாகவதர் கிராப்பு"ன்னே பேரு. எங்கய்யாவும் அப்படி முடி வளத்தாரு. ஒரு நா வயக்காட்டுல எங்க தாத்தா, பின்னால இருந்து பாத்துட்டு யாரோ பொம்பளை கதிரு திருட வந்திருக்கான்னு நினைச்சு வெரட்டிக்கிட்டுப் போனாராம்.

பரண்ல ஒரு பாட்டுப் புஸ்தகம் கெடக்கு, ஏறி எடுத்துப் பாரு. அம்பிகாபதி படத்தோடது. அப்பல்லாம் கொட்டகை வாசல்லயே விப்பாக. மேல அட்டையில படம், உள்ள கதைச் சுருக்கம், கதை உச்சத்துக்கு வாரப்ப "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு போட்டு நிறுத்திருவாக. அப்புறம் பூராம் பாட்டு. தாள் பழுத்து, மூலையில வெத்தலைக் கறையோட இருக்கும். எங்கய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எந்தப் பக்கத்துல எந்தப் பாட்டு இருக்குன்னு தெரியும். பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பாடுவாரு. பாக்கிறவன் படிக்கிறாருன்னு நினைச்சுக்குவான்.

அம்பிகாபதி கதை தெரியும்ல? கம்பர் மகன் சோழராசா மக அமராவதி மேல ஆசைப்பட்டுட்டான். காமம் கலக்காம நூறு பாட்டுப் பாடு, பொண்ணைத் தாரேன்னு ராசா சொன்னாரு. இவனும் பாடுனான். அந்தப் புள்ள மறைவுல இருந்து எண்ணுச்சு. காப்புச் செய்யுளையும் கணக்குல சேத்துருச்சு. தொண்ணூத்தொம்பது முடிஞ்சதும் நூறு ஆயிருச்சுன்னு தலையை நீட்டுச்சு. அதைப் பாத்ததும் இவன் வாயில வரக்கூடாத பாட்டு வந்துருச்சு. தலை போச்சு. பாட்டுக்காரன் காதலிக்கிறதுல என்ன ஆபத்துன்னு இதுக்கு மேல ஒருத்தன் சொல்ல முடியாது. அந்தப் படத்தை எடுத்தது யாருங்கிற? எல்லிஸ் ஆர். டங்கன்னு ஒரு அமெரிக்காக்காரரு. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஒன் டைரக்டருக்காச்சும் தெரியுமா?

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்துச்சு. மெட்ராஸ்ல பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்த படம். டி.ஆர். ராஜகுமாரி பாகவதரைப் பாத்துக் கையில முத்தம் வெச்சு ஊதி விடும். எங்கய்யா அதைச் சொல்றப்ப எங்கம்மா அடுப்படியில பாத்திரத்தை டங்குன்னு வைக்கும். படம் வந்த சூட்டோட, வருசம் முடியறதுக்குள்ள லட்சுமிகாந்தன் கொலை வழக்குல பாகவதரைப் பிடிச்சு உள்ள வெச்சாக. குத்தம் இல்லன்னு 1947-ல வெளிய வந்தாரு. அதே குரலு. அதே முடி. ஆனா அப்புறம் வந்த ஒரு படமும் நிக்கல.

ஏன் நிக்கலன்னு எங்கய்யா சாகுற வரைக்கும் பொலம்புவாரு. சதின்னுவாரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல அப்பு. அவரு வெளிய வந்த நேரத்துல ஜனம் வேற ருசிக்குப் பழகிக்கிட்டிருந்துச்சு. வேலைக்காரி, மந்திரிகுமாரி, பராசக்தின்னு வசனம் பேசுற படமா வரிசையா வந்துச்சு. பாட்டைப் பின்னால ஒருத்தர் பாடிக்கலாம்னு ஆயிருச்சு. பாடுறதுக்கு ஒருத்தன், பாக்கிறதுக்கு ஒருத்தன்னு வேலையைப் பிரிச்சுட்டாக. பிரிச்சது பிரிச்சதுதேன். எண்பது வருசமா அதை ஒட்ட வைக்கத்தேன் ஒங்க ஆளுக பாடுபட்டுக்கிட்டிருக்கானுக.

வேலையைப் பிரிச்சதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவரு நம்ம மதுரைக்காரரு டி.எம். சௌந்தரராஜன். எம்.ஜி.ஆருக்குப் பாடுனா எம்.ஜி.ஆரு, சிவாஜிக்குப் பாடுனா சிவாஜி. தமிழ்நாட்டுல முக்காவாசிக் காதலு அவரு தொண்டையில இருந்து வந்ததுதேன். அவரும் ஹீரோவா மூஞ்சியைக் காட்டியிருக்காரு. எதுல? 1962-ல பட்டினத்தார், 1964-ல அருணகிரிநாதர். பொண்டாட்டி புள்ளையை விட்டுட்டுப் போற சாமியாரு ஒருத்தரு, முருகா முருகான்னு உருகுற பக்தரு ஒருத்தரு. காதலிக்கிற வேலையை எம்.ஜி.ஆரு, சிவாஜிகிட்ட விட்டுட்டு, துறக்கிற வேலையைத் தான் எடுத்துக்கிட்டாரு பாரு, அவரு மனுசன்.

இப்ப ஒனக்கு வேண்டிய எடத்துக்கு வாரேன். தமிழ் சினிமாவுலயே ஜனம் உருகி உருகிக் கொண்டாடின பாட்டுக்காரக் காதலன் யாரு? பாகவதரை விடு, அது எங்கய்யா கணக்கு. எங்க கணக்குல அது மோகன். "மைக் மோகன்"னு பேரே வாங்குன ஆளு. 1982-ல பயணங்கள் முடிவதில்லை. அடுத்து உதயகீதம், இதயகோவில். மைக்கைப் பிடிச்சாருன்னா ஊர்ல இருக்கிற பொம்பளைப் புள்ளைக பூராம் கன்னத்துல கையை வெச்சுக்கிரும். பயணங்கள் முடிவதில்லையில அவருக்கு ரத்தப் புத்துநோய். ஒங்க அப்பத்தா அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்து ராத்திரிச் சோறு ஆக்கல. "அந்தப் புள்ளை அங்க சாகுது, ஒங்களுக்குச் சோறு கேக்குதா?"ன்னா. நானும் ஒங்கப்பனும் காலையில வடிச்ச கஞ்சியைக் குடிச்சுட்டுப் படுத்தோம்.

இதுல சூட்சுமம் என்ன தெரியுமா? மோகன் அதுல ஒரு வரி பாடல. பாடினது எஸ்.பி. பாலசுப்ரமணியம். போகட்டும், பாடத்தேன் தெரியாது, பேசினாராங்கிற? பேசினதும் அவரில்ல. எஸ்.என். சுரேந்தர்னு ஒருத்தரு, நடிகர் விஜய்க்குத் தாய்மாமன், அவரும் பாட்டுக்காரரு. அவருதேன் மோகனுக்குப் பல படங்கள்ல கொரல் குடுத்தது. பாட்டு ஒருத்தரோடது, பேச்சு ஒருத்தரோடது. மோகனோடது மைக்கும் அந்தச் சிரிப்பும் மட்டுந்தேன். அந்த மனுசனுக்காக எங்க வீட்ல ஒலை வைக்கல! பாடத் தெரிஞ்ச எந்தப் பயலுக்காகவும் ஒங்க அப்பத்தா சோத்தை நிறுத்துனதில்ல, அதையும் சொல்லிப்புடுறேன்.

அதனால ஒனக்கு என் மொத யோசனை: மைக்கைப் பிடி, வாயைத் திறக்காத. பாட வேற ஆளைப் போடு. பேச இன்னொரு ஆளைப் போடு.

கோவப்படாத. நெசமான காரணத்தைச் சொல்றேன், கேளு. நீ ராத்திரி காதுல அந்தக் குமிழை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்கியே, அப்ப பாட்டுல ஒனக்குத் தெரியறது யாரு மூஞ்சி? பாடினவன் மூஞ்சியா? அந்தப் பாலிடெக்னிக் புள்ளை மூஞ்சிதேன? ஏன் முழிக்கிற, தாத்தனுக்கு எல்லாம் தெரியும். அந்தப் புள்ளைக்கு யாரு மூஞ்சி தெரியுதோ, அது ஆண்டவனுக்குத்தேன் வெளிச்சம். படம் வாரதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பாட்டை மட்டும் போன்ல விட்டுர்றீக. ஆளாளுக்கு அவனவன் மூஞ்சியை அதுல ஒட்ட வெச்சு, ரெண்டு தடவ அழுது, ஒரு தடவ பிரேக்கப்பும் ஆகிருச்சு. அதுக்கப்புறம் தியேட்டருக்கு வந்தா, திரையில பாடினவனே வந்து நிக்கிறான். "இது என் பாட்டுடா, நீ யாருடா குறுக்க?"ன்னுதேன் அவனுக்குத் தோணும். கல்யாணத்துக்கு ருசியாச் சமைச்ச தவசிப்பிள்ளை கையைத் தொடைச்சுட்டு வந்து மாப்பிள்ளை மணையில உக்காந்துக்கிட்ட மாதிரி. சாம்பாரு நல்லாத்தேன் இருந்துச்சு, அதுக்காகப் பொண்ணைக் குடுக்க முடியுமா?

இன்னொரு அநியாயம் சொல்றேன். நடிகன் சுமாராப் பாடுனா இந்த ஜனம் என்ன சொல்லும்? "அண்ணன் பாடிட்டாருடா!"ன்னு விசில் அடிக்கும். பாட்டுக்காரன் சுமாரா நடிச்சா? மறுநாளு மீம்சு. வடிவேலு மூஞ்சி எதுவெல்லாம் கெடைக்குதோ எல்லாத்தையும் ஒட்டிருவானுக. 2011 கடைசியில தனுஷ் பாடின கொலவெறி ஒலகத்தையே சுத்துச்சு. அதுல சுதி எங்க, தாளம் எங்கன்னு ஒருத்தன் கேட்டானா? அதுதேன் அழகுன்னானுக. மறு வருசம் '3' படம் வந்துச்சு. பாட்டைக் கேட்டுச் சிரிக்கலாம்னு போன பயலுக, ஹீரோவுக்கு மனநோயி, கடைசியில சாகுறான்னு பாத்துட்டுப் பேயறைஞ்சாப்புல வெளிய வந்தானுக. அந்தப் பாட்டுக்கு மியூசிக் போட்ட அனிருத்துக்கு அதுதேன் மொதப் படம். அன்னைக்கி இருந்து எத்தனை ஹீரோவுக்குக் கொட்டு அடிச்சு எறக்கி விட்டிருக்காரு. தான் மட்டும் இன்னும் ஹீரோவா எறங்கல. மேடையில ஆடுறாரு, பாடுறாரு, எறங்கி வீட்டுக்குப் போயிர்றாரு.

அப்ப ஜி.வி. பிரகாஷ் எப்படி ஜெயிச்சாருன்னு கேப்ப. நல்ல கேள்வி. அந்தப் புள்ள ரகுமானுக்கு அக்கா மகன். 1993-ல ஜென்டில்மேன் படத்துல வாண்டுக் கொரல்ல பாடினப்பவே நமக்குப் பழக்கம். 2006-ல வெயில் படத்துக்கு மியூசிக் போட்டப்ப நம்ம பக்கத்துப் புழுதியெல்லாம் அதுல கேட்டுச்சு. ஹீரோவா மொதல்ல வந்தது 2015-ல, டார்லிங். அது காதல் படமாக்கும்னு நினைக்காத, பேய்ப் படம். காதலிக்கிற பொண்ணு மேல பேய் ஏறிக்கிரும். ஜனம் பேயைப் பாத்துப் பயந்துக்கிட்டிருந்த நேரத்துல இவரு மூஞ்சி பைய பழகிருச்சு. கெட்டிக்காரத்தனம்! நீயும் மொதப் படத்துல ஒன்னை விடப் பயமுறுத்துற ஒண்ணைப் பக்கத்துல வெச்சுக்க. அதே வருசம் த்ரிஷா இல்லனா நயன்தாரான்னு ஒண்ணு. பேர்லயே ரெண்டு நடிகை, படத்துல ரெண்டு பேரும் கெடையாது. அதுக்கு விசில் அடிச்ச பயலுகளும் உண்டு, தலையில அடிச்சுக்கிட்ட பெருசுகளும் உண்டு. நான் ரெண்டும் செஞ்சேன்.

ஆனா ஒண்ணைக் கவனி. அவரு நல்லா நடிக்கிறாருப்பான்னு ஊரு ஒத்துக்கிட்ட படங்களை எடுத்துக்க. பாலா எடுத்த நாச்சியார், மியூசிக் இளையராஜா. ராஜீவ் மேனன் எடுத்த சர்வம் தாள மயம், மியூசிக் மாமன் ரகுமான். தன் பெட்டியை மூடி வெச்சுட்டுப் போன எடத்துலதேன் ஆளு முழுசா நின்னாரு. சர்வம் தாள மயத்துல ஒரு நர்சுப் புள்ளையைக் காதலிப்பாரு. அது சும்மா பேருக்கு. அவரு நெசமா உருகுறது மிருதங்கத்தைப் பாத்துத்தேன். மடியில வெச்சு அதைத் தொடுறப்ப அந்தக் கண்ணுல வர்ற மயக்கம் எந்த ஹீரோயினுக்கும் வரல. தோலுக்குத் தெரியுது, யாரு தன்னைக் காதலிக்கிறான்னு.

விஜய் ஆண்டனி வேற வழி. குத்துப்பாட்டுப் போட்டு ஊரு ஒலகத்தையே ஆட வெச்ச மனுசன், 2012-ல நான் படத்துல நடிக்க வந்தப்ப அடக்கி வாசிச்சாரு. மூஞ்சியில ஒண்ணும் தெரியலன்னு சொன்னாக. சரி, ஒண்ணும் தெரியக்கூடாத ஆளாவே வாரேன்னு அதுக்குத் தக்கன கதையாப் பிடிச்சாரு. 2016-ல பிச்சைக்காரன். பணக்காரப் புள்ளை, அம்மாவுக்காக நாப்பத்தெட்டு நாளு யாருக்கும் சொல்லாமப் பிச்சை எடுக்கும். காதலு இருக்கு, ஆனா அம்மாவுக்கு அடுத்துத்தேன். தமிழ்நாட்டுல அம்மாவை முன்னால நிறுத்திட்டா எவனுக்குக் குறை சொல்ல நாக்கு வரும்? ஆந்திராவுலயே வரல, அங்கயும் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. ஹிப்ஹாப் ஆதி 2017-ல மீசைய முறுக்குன்னு தன் கதையையே எடுத்தாரு. எழுத்து, டைரக்சன், மியூசிக், ஹீரோ எல்லாம் அவரே. இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டே மியூசிக்கு மியூசிக்குன்னு அலையுற கோயமுத்தூருப் பய. தியேட்டருல ஒக்காந்திருந்தவன் பாதிப்பேரு இன்ஜினியரிங் அரியர் வெச்ச பய. தன் மூஞ்சியைத் தேட வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு.

வெளிநாட்டுல எல்விஸே நடிச்சாருன்னு வாயைத் திறக்காத, நீ சொல்றதுக்கு முன்னால ஒன் தங்கச்சி போன்ல காட்டிட்டா. 1956-ல மொதப் படம். அவரு பாட்டு முன்கூட்டியே வித்த விலையைப் பாத்து, படத்துக்கு வெச்சிருந்த பேரையே மாத்தி அந்தப் பாட்டோட பேரை வெச்சுட்டாக, லவ் மீ டெண்டர்னு. அதுல கடைசியில அவரு செத்துப் போறாரு. போட்டுக் காட்டினப்ப ஜனம் பொறுக்கல. என்ன பண்ணினாக? செத்த ஆளை மங்கலா மேல வரவெச்சு ஒரு பாட்டுப் பாட விட்டுட்டாக! அதுக்கப்புறம் முப்பது படம் நடிச்சாரு. பாதிக்கு மேல கித்தார், பொண்ணு, கடக்கரைன்னே ஓடுச்சு. நல்ல வேசம் வேணும்னு அந்த மனுசன் கேட்டாருங்கிறாக. ஜனம் "நீ பாடு ராசா"ன்னுச்சு. அங்கயும் இதே கதைதேன்.

இம்புட்டுக்கும் நடுவுல தன் கொரலு, தன் மூஞ்சி, தன் தொப்பை எல்லாத்தையும் அப்படியே கொண்டாந்து வெச்சு ஒருத்தரு ஜெயிச்சாரு. அந்த எஸ்.பி.பி.யேதேன். 1990-ல கேளடி கண்மணி, வசந்துக்கு மொதப் படம். மோகனுக்குப் பாடிக் குடுத்து எங்க வீட்டுச் சோத்தை நிறுத்துன கொரலு, இப்ப ஒடம்போட வந்து நின்னுச்சு. பொண்டாட்டியை எழந்தவரு, ஒரு சின்னப் பொண்ணுக்கு அப்பன். இன்னொரு கல்யாணத்துக்கு அந்தப் பொண்ணு ஒத்துக்கமாட்டா. ராதிகா டீச்சரம்மா. அவுக அப்பா அம்மாவுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. பாத்தியா ரோசனையை? தமிழ்நாட்டுலயே பெரிய பாட்டுக்காரரு பொண்ணு கேட்டுப் போற வீட்ல மாமனாருக்கும் மாமியாருக்கும் பாட்டே கேக்காது! அவரு கொரலை வெச்சு அங்க ஒண்ணும் பருப்பு வேகாது. வெறும் மனுசனாத்தேன் போய் நிக்கணும். நின்னாரு. அதனாலதேன் அந்தத் தொப்பை கூட நமக்கு அழகாத் தெரிஞ்சுச்சு.

கடக்கரையில மூச்சு விடாமப் பாடுற பாட்டு ஒண்ணு வரும், இளையராஜா போட்டது. ரெக்கார்டிங்ல அதை எப்படிப் பண்ணினாகங்கிறது தனிக்கதை. அந்த வருசம் ஒங்க சித்தப்பன் காலேஜ் விழா மேடையில அதைப் பாடுறேன்னு ஏறினான். ரெண்டாவது சரணத்துல மூஞ்சி செவந்து, கண்ணு பிதுங்கி, மைக்கு ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். முன் வரிசையில இருந்த பொம்பளைப் புள்ளை ஒண்ணு எந்திரிச்சுத் தண்ணி பாட்டிலை நீட்டுச்சு. அதுதேன் ஒங்க சித்தி. அவன் பாட்டை முடிச்சிருந்தான்னா அந்தக் கல்யாணமே நடந்திருக்காது.

இப்ப தியேட்டருல என்ன நடக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா? ஒனக்கு மேடையில இருந்துதேன் தெரியும், எனக்குக் கடைசி வரிசையில இருந்து தெரியும். முன்ன டூரிங் டாக்கீஸ்ல பாட்டு வந்தா "ஒன்ஸ் மோர்"னு கத்துவான். ஆப்பரேட்டரு ரீலைத் திருப்பிப் போடுற வரைக்கும் மணலை அள்ளி வீசுவான். இப்ப பாட்டு வந்தாப் பாப்கார்ன் வாங்கப் போறான். பாட்டுக்காரன் நடிச்ச படத்துலயும் பாட்டுக்குத்தேன் எந்திரிச்சுப் போறான்! கேட்டா "ஏற்கெனவே கேட்டுட்டேன்"ங்கிறான். இடைவேளையில வாசல்ல ஒரு பய போனை மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு, "பர்ஸ்ட் ஆப் லேக்"னு சொல்றான். லேக்குன்னா என்னன்னு கேட்டேன். இழுவையாம். இழுக்காமப் பாட்டு எப்படிப்பா வரும்னேன். என்னையும் போன்ல பிடிச்சுப் போட்டுட்டான்.

ஆகக்கூடி ஒனக்கு நான் சொல்ல வந்தது: கதையில ஒன்னைப் பாடகனா வெக்காத. வெச்சா, கடைசிக் காட்சியில மேடையில மயங்கி விழணும்னு டைரக்டர் சொல்லுவாரு. அந்த மயக்கம் மோகனோட போயிருச்சு. ஹீரோயின் ஒன் பாட்டைக் கேட்டு மயங்குறதா வெக்காத. தியேட்டருல ஒருத்தனும் நம்பமாட்டான். வேலை வெட்டி இல்லாத பயலா வெச்சுக்க, அதுக்கு நடிக்கவே வேண்டியதில்ல. ஒன் மாமனாரா வர்றவருக்குக் காது கேக்காதுன்னு வெச்சா ரொம்ப நல்லது. முத்தக் காட்சி இருந்தா ஒங்கம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிரு, நான் அன்னைக்கி ஊர்ல இருக்கமாட்டேன்.

சரி, அட்வான்ஸ் எம்புட்டுக் குடுத்தாக? கே.பி. சுந்தராம்பாளுக்கு 1935-ல நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் குடுத்தாக. அவுகளும் பாட்டுக்காரவுகதேன். புருசன் கிட்டப்பா போனப்பறம் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு, நடிக்க மனசில்லாம, இம்புட்டுக் கேட்டாப் போயிருவாகன்னு அந்தத் தொகையைச் சொன்னாகளாம். குடுத்துட்டானுக! ஒனக்கு எம்புட்டு?

என்ன, தலையைச் சொறியிற?

குடுக்கலையா... இனிமே குடுப்பாகளா... என்னது, நீ குடுக்கணுமா! ஓகோ. "கோ-புரொடியூசரா". பேரு போஸ்டர்ல மேல வருமா? அப்படியா சங்கதி. அதுக்குத்தேன் ராத்திரியோட ராத்திரியா ரெண்டு கிலோ மைசூர்பாகோட தாத்தனைப் பாக்க வந்திருக்க. நான் கூடப் பாசம்னு நினைச்சுப்புட்டேன்.

கம்மாக்கரை ஒண்ணரை ஏக்கரு பத்திரம்தேன? என்கிட்ட இல்லப்பா. அது ஒங்க அப்பத்தா டிரங்குப் பெட்டியில இருக்கு, சாவி அவ முந்தியில முடிஞ்சிருக்கு. போய்க் கேளு, நான் தடுக்கமாட்டேன். நடிச்சுக் காட்டுறேன்னு மட்டும் ஆரம்பிச்சுராத, வெளக்கமாறு பக்கத்துலதேன் இருக்கு. அடுப்படிக் கதவுக்கு இங்கிட்டு, அவ கண்ணுல படாம நின்னுக்கிட்டு ஒரு பாட்டுப் பாடு. நல்லாப் பாடு. "யார்றா அது?"ன்னு உள்ள இருந்து கேட்டா, மோகன்னு சொல்லிப்புடு.